அப்பா பார்க்கப் போன ஓணான்

வாக்கர் ஒன்று வாங்கி வந்தோம். நாலு கால், அலுமினியம், கைப்பிடியில் சாம்பல் நிற ரப்பர். பென்னாகரத்தில் அதை விற்ற கடைக்காரர் மடக்கிக் காட்டினார், விரித்துக் காட்டினார், கடைசியில் தன் உடம்பை முழுக்க அதன்மேல் சாய்த்து ஆடிக்கூடக் காட்டினார். அவ்வளவு திடமான சாமான் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு துண்டு உலர்த்தத்தான் பயன்பட்டது. துண்டு இல்லாத நேரத்தில் சிவப்புக் கோழி ஒன்று அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாருக்காக வாங்கினோமோ அவர் மட்டும் அதைத் தொடவில்லை.

அவர் என் அப்பா. புளியமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஊரே புளி உலுக்கும். கிளையில் ஏறி நின்று உலுக்குவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஆள் வரத் தாமதம். அறுபதைத் தாண்டிய மனிதர் பேசாமல் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். கீழே பழம் பொறுக்க வந்திருந்த பெண்களைப் பார்த்து, "இந்த மரத்துல நான் ஏறாத கெளையா?" என்று பேச்சு வேறு. பேச்சு முடிவதற்குள் கால் வழுக்கிவிட்டது.

தருமபுரியில் ஆபரேஷன் செய்து தொடைக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். நான் வாக்கப்பட்டது மாரண்டஹள்ளிப் பக்கம். தக்காளித் தோட்டத்தையும் பிள்ளைகளையும் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு பையோடு வந்தேன். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி அப்பாவைக் காலையில் புங்கமரத்தடிக் கட்டிலுக்குக் கொண்டுபோவோம், பொழுது சாய்ந்ததும் உள்ளே கொண்டுவருவோம். களியும் கீரையுமாக வளர்ந்த உடம்பு, லேசில் தூக்க முடியாது. அம்மாவுக்கு இடுப்பு வலி, எனக்குத் தோள் வலி. அப்பாவுக்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லா கூடிடுச்சிங்க பெரியவரே. இனிமே கால ஊனி நடக்கணும். இப்ப விட்டுட்டீங்கன்னா சதை கரைஞ்சி முட்டி புடிச்சிக்கும். அப்பால நீங்களே நடக்கலாம்னு நெனச்சாலும் கால் கேக்காது" என்றார். அப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். டாக்டரின் அறையைவிட்டு வெளியே வந்ததும், "இவனுக்கென்ன, சொல்லிட்டுப் போவான்" என்றார்.

அதற்கப்புறம் தினம் ஒரு சாக்கு. ஒருநாள் வெயில் அதிகம். ஒருநாள் அமாவாசை. ஒருநாள் செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை யாராவது புதுசாக ஒன்றைத் தொடங்குவார்களா? இன்னொரு நாள், உள்ளே வைத்த கம்பி வெயிலுக்குச் சூடேறுகிறது, அந்தச் சூட்டோடு நடந்தால் எலும்பு வெந்துவிடும் என்றார். கால் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஸ்கூட்டியில் ஒரு பெண் வருவாள். அவள் இருக்கும்வரை காலைத் தூக்குவார், இறக்குவார், அவளுக்கு மோர் கொடுக்கச் சொல்வார். ஸ்கூட்டி வண்டித்தடத்தில் திரும்பியதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் கத்திவிட்டேன். "நடக்கறீங்களா, இல்ல நான் ஊருக்குப் போகட்டா? நீங்க இப்பிடியே கெடந்தா அம்மா ஒண்டியா எத்தன நாளைக்கித் தூக்குவா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எப்போதும் திருப்பிக் கத்துகிற அப்பா அன்று கத்தவில்லை. போர்வையின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்குது கண்ணு," என்றார். "கால கீழ வெச்சா அந்தக் கெளைமேல நிக்கற மாதிரியே இருக்குது."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா வாயால் பயம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போய் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதன் பிறகு நடங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நானும் அம்மாவும் நச்சரிப்பதை விட்டுவிட்டதும் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. அப்போதுதான் அவர் எதிரே இருந்த பாறையைப் பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் கரட்டடியில் இருக்கிறது. கரடு என்றால் மண் பாதி, கல் பாதியாக நிற்கும் குன்று. அதன் பாறை ஒன்று சரிந்து இறங்கி எங்கள் வீட்டெதிரே தடத்தோரம் வரை வந்து நிற்கிறது. அதன் கீழ்ப்பாகம் தட்டையாக இருப்பதால் அதுதான் எங்கள் தெருவுக்கே களம். கேழ்வரகு அடிப்பது, கொள்ளு காயவைப்பது, புளி தட்டுவது, மிளகாய் உலர்த்துவது எல்லாம் அங்கேதான், வீட்டுக்கு வீடு முறை வைத்து. மேலே போகப் போகச் சாய்வு. உச்சியில் குண்டுக்கல் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குண்டுக்கல்தான் பாறை ஓணானின் இடம்.

வேலியில் ஓடுகிற ஓணான் வேறு, இது வேறு. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, கல்லின் நிறத்திலேயே தட்டையாக இருக்கும். நகர்ந்தால்தான் அங்கே ஒன்று இருப்பதே தெரியும். கரட்டு உச்சிவரை இந்த இனம்தான். ஓணானைக் கண்டால் கல்லெடுக்காத பையன் எங்கள் ஊரில் பிறந்ததில்லை. அதற்கு ஒரு சாமி கதையும் கையில் வைத்திருப்பார்கள். அப்பாவும் சின்ன வயதில் கை நிறையக் கல்லோடு திரிந்தவர்தான். இப்போது அதே அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு அதற்கு நேர்முக வர்ணனை கொடுத்தார்.

"வந்துட்டான் பாரு. பொழுது குண்டுக்கல்லு மேல பட்டதும் வந்துட்டான்."

"ம்."

"தண்டால் எடுக்கறான் பாரு. ஏறி எறங்கறான், ஏறி எறங்கறான். ஒடம்ப எப்பிடி வெச்சிருக்கறான் பாரு பாப்பா."

"அவன் எடுக்கறான். நீங்க எப்பப்பா எடுப்பீங்க?"

இந்த மாதிரிக் கேள்விகள் வரும்போது மட்டும் அப்பாவுக்குக் காது கேட்காது.

சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தது. மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில் அப்பா போட்ட கூச்சலில் நானும் அம்மாவும் வெளியே ஓடிவந்தோம். குண்டுக்கல்லின் மேல் ஓணான் நின்றுகொண்டிருந்தது. தலையிலிருந்து முதுகு முழுக்கச் சிவப்பு. நல்ல பழுத்த மிளகாயின் சிவப்பு. பக்கவாட்டில் மட்டும் அட்டைக் கறுப்பு. முந்தின நாள்வரை கல் நிறத்தில் கிடந்த பிராணி அது என்று நம்பவே முடியவில்லை. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குக் களத்தில் மிளகாய் காயப்போடும் முறை எதிர் வரிசை அத்தைக்கு. அத்தை என்றால் அப்பாவுக்குப் பெரியப்பா மகள், அப்பாவைவிட மூத்தவர். அவர் வந்து பார்த்தார். ஓணானைப் பார்த்தார், தன் மிளகாயைப் பார்த்தார், மறுபடி ஓணானைப் பார்த்தார். அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஐயோ, எம் மொளகாயில பொரண்டிருக்குது!"

"அக்கா, அது பருவத்துக்கு வந்திருக்குது. பொம்பள தேடற காலத்துல ஆம்பளைக்கி அப்பிடித்தான் நெறம் ஏறும்," என்று அப்பா கட்டிலிலிருந்தே விளக்கினார்.

"நீ படுத்துக்கினு பேசாதடா. கண்ணால பாக்கறன் இல்ல? மொளகாயில பொரளாம எப்பிடி ஒடம்பு செவக்கும்? ஓணான் பொரண்ட மொளகாய எந்த மவராசன் கொழம்புல போடுவான்?"

சாக்கு சாக்காக மிளகாயை அள்ளிக்கொண்டு போய், அலசி, தன் மொட்டை மாடியில் பரப்பினார். ஓணான் பாறையில் இனி எதையும் காயவைக்கக் கூடாது என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தார். புளி முடிந்திருந்தது, கேழ்வரகுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆகவே யாரும் சண்டைக்குப் போகவில்லை. பாறை காலியானது. ஆள் நடமாட்டம் நின்றதும் ஓணான் நாள் முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. அப்பாவின் வர்ணனையும் நாள் முழுக்க நீண்டது.

அம்மாவால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், அப்பாவின் சர்வஞானத்தை மட்டும் பொறுக்க முடியாது. ஒருநாள் கட்டிலடியில் குந்தி அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்கத் தேய்க்க, அப்பா கண்ணைப் பாறையிலிருந்து எடுக்காமல் பேசிக்கொண்டே போனார். இந்த ஜாதி ஓணானுக்கு ஒரே நிறம்தான், சிவப்பு, வேறு நிறமே கிடையாது, இதெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று.

"செவப்பா?" என்றாள் அம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல். "மஞ்சளு."

"இன்னாது?"

"உங்க ஓணான் மஞ்சளுங்க. நேத்து சாணி கொட்டப் போனப்ப குண்டுக்கல்லுக்குப் பின்னாடி பாத்தன். முதுவு பூரா மஞ்சக்கெழங்கு அரைச்சிப் பூசினாப்ல இருந்துச்சி."

"உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?"

"எங் கண்ணு நல்லாத்தான் இருக்குது. வேணும்னா எந்திரிச்சிப் போயிப் பாருங்க."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"நெசமாவே மஞ்சளாம்மா?"

"யாரு கண்டா?" என்றாள். "ஓணான் இருக்கற தெசைக்கே நான் போவமாட்டன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். என் அம்மா பாம்புக்குப் பயப்படமாட்டாள், தடி எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பாள். ஆனால் பல்லி, ஓணான், அரணை என்றால் உயிர் போய்விடும். சுவரில் பல்லி இருந்தால் நான் விரட்டிய பிறகுதான் அந்த அறைக்குள் காலை வைப்பாள். சாணியையும் பாறைக்கு எதிர்த் திசையில்தான் கொட்டுவாள்.

"அப்புறம் எதுக்கும்மா பொய் சொன்ன?"

"வாயில வந்துச்சி, சொன்னன். இங்க ஒருத்தி இடுப்பு ஒடியத் தேச்சிக்கினு கெடக்கறன், அந்த மனுசன் ஓணானுக்குச் சாதகம் எழுதிக்கினு கெடக்கறாரு." சொல்லிவிட்டு அம்மாவே சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு பேரும் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தோம்.

அப்பா அதை அவ்வளவு லேசாக விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டிலும் அதே பேச்சு, ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? எலுமிச்சை மஞ்சளா, பறங்கிப்பூ மஞ்சளா? வால் எந்த நிறம்? அம்மா ஒரு பொய்க்கு ஒன்பது பொய்யாக அடுக்கினாள். "முதுவு மஞ்சளு, பக்கமெல்லாம் கல்யாணக் கேசரி கலரு" என்று அடித்துவிட்டாள். அப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தக் கோழிய எறக்கிவுடு."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கோழியைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் அது கொக்கரித்துக்கொண்டு கூரைமேல் பறந்தது. வாக்கரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். கைப்பிடியைப் பிடித்தார். எழுந்து நின்றார். உதடு வெளுத்துவிட்டது. "வேணாம்னா ஒக்காந்துக்கோங்கப்பா" என்று என் வாயே சொன்னது.

"உங்கம்மா மூஞ்சியில கரி பூசாம ஒக்காரமாட்டன்," என்றார்.

நகர்த்தினார். கால் வைத்தார். நின்றார். மறுபடி நகர்த்தினார். என் கை அவர் இடுப்பைச் சுற்றி இருந்தது. "இன்னாத்துக்கு இப்பிடி நசுக்கற?" என்று திட்டினார். தடத்தில் பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, நாங்கள் கடக்கும்வரை ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். "எங்கண்ணா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒரு விசயமாப் போறன்," என்றார் அப்பா, பெரிய மனிதத் தோரணையில்.

பாறையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓணான் எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் சிவப்பு வடிந்து, கறுப்பு வடிந்து, வெறும் கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் வெடிப்புக்குள் போய் மறைந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவு பாடுபட்டு வந்த மனிதருக்குக் கிடைத்தது ஒரு காய்ந்த வால்நுனி.

"சாயம் போயிடுச்சி!" என்றார். "பயத்துல சாயம் போயிடுச்சி பாப்பா அதுக்கு!"

பாறை விளிம்பில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பினோம். வீட்டு ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் பலமாகக் கேட்டது. கண் மட்டும் சிவந்திருந்தது. "புகை" என்றாள். வீட்டில் எரிவதோ கேஸ் அடுப்பு.

"மஞ்சளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றார் அப்பா. "நாளைக்கிப் பாத்துக்கறன்."

அந்த 'நாளைக்கி' நீண்டுகொண்டே போனது. ஓணானை அதன் நிறத்தோடு பார்க்க வேண்டுமென்றால், அது வெளியே வருமுன் போய் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அப்பா கண்டுபிடித்தார். ஆகவே காலைக் காப்பி குடித்ததும் கிளம்பினார். விளிம்பிலிருந்து பார்த்தால் குண்டுக்கல்லின் பின்பக்கம் தெரியாது, ஆகவே சாய்வில் ஏற வேண்டும். சாய்வில் வாக்கர் நிற்காது, ஆகவே அதைக் கீழே விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கோணிப்பையை விரித்து உட்காருவார். நான் இருமினால் முறைப்பார். பேசினால் அவ்வளவுதான். ஓணானும் எங்களுக்குப் பழகியது. நாங்கள் இருக்கும்போதே வந்து எறும்பைப் பொறுக்கித் தின்றது.

ஒருநாள் கல் நிறத்தில் சின்னதாக ஒரு பெட்டை ஓணான் எதிர்க் கல்லில் ஏறியது. நம்மாள் அதுவரை மங்கலாக வெயில் காய்ந்துகொண்டிருந்தான். பெட்டையைப் பார்த்ததும் தலையைத் தூக்கினான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே முதுகில் சிவப்பு ஏறியது. துணியைச் சாயத்தில் முக்கி எடுப்பதற்குக்கூட அதைவிட நேரமாகும். தண்டால் என்றால் தண்டால், அப்படி ஒரு தண்டால். பெட்டை அதைச் சட்டை செய்யாமல் ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திரும்பி வரும்போது, "நெனச்ச மாத்திரத்துல செவக்குதுன்னா, மஞ்சளாவும் ஆவும் போலருக்குது. உங்கம்மா சொன்னதுலயும் விசயம் இருக்குது பாப்பா," என்றார். அன்று முதல் அம்மா முகத்தில் கரி பூசுகிற எண்ணத்தை விட்டுவிட்டார். அம்மா பார்த்ததைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பாவம்டி, இல்லாத ஒண்ணுக்கு அந்த மனுசன் வெயில்ல காயறாரு. சொல்லிடட்டா?" என்று கையைப் பிசைந்தாள்.

"சொன்னா மறுபடி கட்டில்ல படுத்துக்குவாரு. பேசாம இரு," என்றேன். மாரண்டஹள்ளியிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டார். ஓணான் மஞ்சளானதும் வருகிறேன் என்றேன். அவர், உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

காலில் சதை பிடித்தது. முட்டி மடங்கியது. பயிற்சி சொல்ல வருகிற பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். "தாத்தா, சூப்பர். இனி கைய விட்டுட்டு நடங்க, கால் தாங்கும்," என்றாள். அங்கேதான் சிக்கல். வாக்கரை விட்டால் என் தோள், என் தோளை விட்டால் வாக்கர். இரண்டையும் விட்டுவிட்டு ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். அந்தப் பழைய பயம் போகவே இல்லை. நான் ஊருக்குப் போய்விட்டால் இவரை யார் பாறைக்கு ஏற்றுவது, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்று எனக்கும் தூக்கம் போனது.

ஆனி பிறந்ததும் காற்றும் மூட்டமுமாகச் சில நாள். பொழுதே தெரியவில்லை. வெயில் இல்லையென்றால் ஓணான் வெளியே வராது. அப்பாவும் கட்டிலோடு தங்கிவிட்டார். வாக்கரில் மறுபடி துண்டு ஏறியது, கோழி ஏறியது. "போதும் பாப்பா, பாத்த வரைக்கும் போதும்," என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூட்டம் விலகிய காலை. அடுப்பங்கரையில் அம்மா என்னிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கிச் சொல்லப்போறன். என்னால முடியல. பொய் சொல்லி நடக்கவெச்சன், இப்ப பாரு, மனசு வுட்டுப் படுத்துக்கினாரு. நெசத்தச் சொல்லி மன்னிப்பு கேட்டுட்டுப் போறன்." நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்பதாக இல்லை. கரண்டியை வைத்துவிட்டுப் புறப்பட்டேவிட்டாள்.

அப்போதுதான் வெளியே அலறல் கேட்டது. அப்பாவின் குரல்.

அம்மா கல்லாக நின்றாள். புளியமரத்திலிருந்து விழுந்த அன்று கேட்ட அதே அலறல் என்று பின்னால் சொன்னாள். அடுத்த நொடி இரண்டு பேரும் வாசலில் இருந்தோம். கட்டிலில் ஆள் இல்லை. வாக்கர் தடத்துக்கு அந்தப் பக்கம், பாறையடியில் தனியாக நின்றது. அம்மா ஓடினாள். இடுப்பு வலிக்காரி, செருப்புகூட இல்லாமல், "ஐயோ, வுழுந்துட்டாரு, வுழுந்துட்டாரு" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அப்பா விழவில்லை. வெயிலைக் கண்டதும் தனியாகக் கிளம்பிப் போய்ப் பாறையில் கையூன்றித் தவழ்ந்து ஏறியிருக்கிறார், சாய்வின் பாதியில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேலே குண்டுக்கல்லில் இரண்டு ஓணான்கள், இரண்டும் ஆண், எதிரும் புதிருமாக. எங்கிருந்தோ புதிதாக ஒருவன் இடம் பிடிக்க வந்திருக்கிறான். நம்மாள் கழுத்தை நிமிர்த்தி உடம்பைத் தூக்கித் தூக்கி அவனை மிரட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு இல்லை. முதுகு முழுக்க மஞ்சள். நல்ல அரைத்த மஞ்சள். பக்கவாட்டில் அம்மா சொன்ன அதே கேசரி நிறம்.

"மஞ்சளு!" என்று அப்பா எங்களைப் பார்த்துக் கத்தினார். "ஏ புள்ள, நீ சொன்ன மஞ்சளு! சண்டைன்னா மஞ்சளாவறான்! வா, வந்து பாரு!"

அம்மா பாறை விளிம்பில் நின்றுவிட்டாள். என் காதருகே, "நெசமாவே மஞ்சளாடி?" என்று கேட்டாள். "நெசமாத்தாம்மா" என்றேன். அவள் ஒரு காலைப் பாறைமேல் வைத்தாள். மேலே புதியவன் ஓரடி பாய்ந்தான். அம்மா வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாங்க, நான் இங்கிருந்தே பாக்கறன். வுழுந்துடுவன்," என்றாள்.

அப்பா அவளையே பார்த்தார். அப்புறம் இறங்க ஆரம்பித்தார். வாக்கர் கீழே நின்றது, நான் கீழே நின்றேன், அவர் பிடித்துக்கொள்ள அங்கே காற்றைத் தவிர எதுவுமில்லை. ஒவ்வோர் அடியாகப் பாறையில் பாதத்தை அழுத்தி வைத்து, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கி வந்து அம்மா முன்னால் நின்றார். கையை நீட்டினார்.

"வா. என்னைய புடிச்சிக்க. நான் வுடமாட்டன்."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள். அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு பாறைமேல் ஏறினார். அப்பாவைப் பிடிக்க நான் நீட்டியிருந்த கையை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.